கத்தரிப்பூக் கலர்

கோணி மூட்டையின் வாயைப் பிரித்ததும் முதலில் நீண்டது சிட்டம்மாளின் கைதான். அது புடவையைத் தொடுவதற்குள் பக்கத்தில் நின்ற ராணியம்மாள் பட்டென்று தட்டிவிட்டாள்.

"இன்னாடி கைய நீட்டற? இன்னா கலரு குடுக்கறாங்கன்னு பாத்தியா?"

அப்போதுதான் சேஷுவும் பார்த்தார். வெள்ளை. ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கரை. அடுத்த மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். அதுவும் வெள்ளை. அதற்கடுத்ததும் அப்படியே. களத்துமேட்டுப் பள்ளிக்கூட வராந்தாவில் வரிசை கட்டி நின்ற பெண்கள், யாரும் சொல்லாமலே பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"இன்னா சாமி இது?" ராணியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஊர்ல கீற அத்தினி ஆம்பளைங்களையும் ஆத்துல வுட்டுட்டு நிக்கற மாதிரி வெள்ளப் பொடவ எட்தாந்துகீறீங்க? எங்க புருஷனுங்க குத்துக்கல்லாட்டம் கீறாங்க. ஒருத்தர் பாக்கி இல்லாம கீறாங்க!"

அதற்குச் சாட்சியாக, புளியமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்த ஆண்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சேஷு உத்திரமேரூர் யூனியன் ஆபீஸில் குமாஸ்தா. 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவர். அந்த ஒரு குணத்துக்காகவே பி.டி.ஓ. எந்த வேலையையும் அவர் தலையில் கட்டுவார். எண்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசி மழையில் செய்யாறு கரையை உடைத்துக்கொண்டு வந்து களத்துமேட்டுக் குடிசைகளை மொத்தமாக வாரிக்கொண்டு போனபோது, வெள்ள நிவாரணமும் அவர் தலையில்தான் வந்து விழுந்தது. ஊருக்குப் பேர்தான் மேடு. மாகறலுக்குக் கிழக்கே அதைவிடப் பள்ளமான இடம் கிடையாது.

சர்க்கார் கொடுத்த அரிசியும் மண்ணெண்ணெயும் கஞ்சிக்குத்தான் போதுமாக இருந்தன. அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து 'நேசக்கரம் துயர்துடைப்புச் சங்கம்' வந்து யூனியனோடு கூட்டுச் சேர்ந்தது. பொருள் சங்கத்துடையது, கொடுக்கிற கை யூனியனுடையது என்று ஏற்பாடு. முதலில் புடவை. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு பெண்கள் நிற்கிற போட்டோ, பணம் கொடுத்த புண்ணியவான்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அது திருப்தியாக இருந்தால் அடுத்தது வீடு. ஓடு போட்ட, சுவர் வைத்த, ஆறு வந்தாலும் அசையாத வீடு. சங்கத்து ஐசக் ஜீப்பில் வந்தபோது இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சேஷுவும் தன் பங்குக்கு வாயை விட்டிருந்தார். "அடுத்த மழைக்கு நீங்க ஓட்டு வீட்டுல இருப்பேள். நான் பொறுப்பு" என்று அந்தப் பெண்களிடம் சொல்லியிருந்தார். கட்டிய துணியின் ஒரு பாதியை உடம்பிலேயே காயவைத்துக்கொண்டு மறுபாதியைப் பிழிந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தபோது அப்படிச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. மனிதர் நல்லவர்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

"திருப்பி அனுப்பிச்சிடலாமா சார்?" என்று பியூன் வீராசாமி காதோரம் கேட்டான்.

"அனுப்பிச்சா, இவாளுக்குத் தேவையில்லை போலிருக்குன்னு வேற ஊருக்குப் போயிடுவா. வீடும் அதோட போயிடும்" என்றார் சேஷு. மாதிரிக்காக இருக்கட்டும் என்று மூட்டையில் மேலாக இருந்த ஒரு புடவையை எடுத்து, பைக்குள் செருகிக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகும் சிட்டம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஒடிசலான பெண். வெள்ளம் வந்த அன்று அவள் புருஷன் பச்சமுத்து மாட்டை அவிழ்த்துவிடப் போனவன், இன்னும் திரும்பவில்லை. மாடுகள் மாத்திரம் மாகறல் பக்கம் கரையேறி, கோயில் மதிலோரம் மேய்ந்துகொண்டிருந்தன.

"சாமி, ஒரு வார்த்த..."

"என்னம்மா, உன் புருஷன் வந்துட்டானா?"

சிட்டம்மாள் வாயைத் திறப்பதற்குள் ராணியம்மாள் குறுக்கே வந்துவிட்டாள். "வருவான் வருவான். மாடு கரையேறிச்சி, மாட்டுக்காரன் ஏறாமயா பூடுவான்? வாலாஜாபாத் அரிசி மில்லுல மூட்ட தூக்கிக்கினு, சாய்ங்காலமானா சினிமா பாத்துக்கினு கீறான். இங்க இவ மூஞ்சத் தொங்கப்போட்டுக்கினு கீறா!"

பெண்கள் சிரித்தார்கள். சேஷுவும் சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்கு முன்பே அவர்கள் நிறுத்திவிட்டார்கள் என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

"கவலைப்படாதே. உனக்கும் நல்ல கலரா பாத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அவர் மனைவி நாமகிரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, சுமங்கலிகள் கையில கொண்டுபோய் வெள்ளையை நீட்டினா யார் வாங்கிப்பா? நீங்களும் பாத்துண்டு நின்னேளா?"

"நானா நெய்தேன்? வந்தது வெள்ளை."

"புதுத்துணின்னா ஓரத்துல மஞ்சள் தடவித்தானே கட்டிக்கறோம்? ஓரத்துல தடவறதை முழுக்கத் தடவிட்டாப் போறது. மஞ்சளாயிடும், மங்களமாவும் இருக்கும்."

சேஷுவுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. மறுநாளே உத்திரமேரூர்க் கடைத்தெருவில் கிடைத்த மஞ்சளையெல்லாம் இடித்து, கஞ்சி காய்ச்சுகிற அண்டாக்களில் கரைத்து, புடவைகளை முக்கி எடுத்தார்கள். அடுத்த வேளைக் கஞ்சியும் மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனாலும் பெண்கள் முகத்தில் சிரிப்பு வந்தது. ராணியம்மாளே முதலில் வாங்கிக்கொண்டாள். ஐசக்குக்கு 'வந்து படம் எடுக்கலாம்' என்று தகவல் அனுப்பிவிட்டு, சேஷு அடுத்த நாள் பகலில் ஆபீஸ் நாற்காலியிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

எழுப்பியது வீராசாமி. "சார், பேஜாராப் பூடுச்சி!"

"என்னடா?"

"மஞ்சப் பொடவ கட்டினா மாரியாத்தாளுக்கு வேண்டிக்கினதா அர்த்தமாம். ஊரே வேண்டிக்கினு கீது சார். இடுப்புல வேப்பில சொருகிக்கினு, தனியாப் பாய் போட்டுக்கினு, கவுச்சி தொடமாட்டேன்றாங்க. வயல்ல முட்டிக்கால் தண்ணியில மீனு துள்ளிக்கினு கீது, ஆக்கிப்போட ஆளில்லன்னு ஆம்பளைங்க ஒங்களத் தேடிக்கினு வராங்க."

மீன் குழம்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஊர் முழுக்க மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாகத் திரிவதைக் காஞ்சிபுரம் பஸ் கண்டக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, களத்துமேட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அதற்கப்புறம் பஸ் அங்கே நிற்கவில்லை. தண்ணீர் வடிந்த வயல்களில் நடவுக்குக் கூப்பிட்டிருந்த மாகறல்காரர்கள், இப்போதைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வெள்ளம் விட்டுவைத்திருந்த கூலியையும் நிவாரணம் கொண்டுபோய்விட்டது. சுகாதார இன்ஸ்பெக்டர் பிளீச்சிங் பவுடரோடு வந்து பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டுப் போனார்.

சேஷு ஓடினார். எல்லோரும் மஞ்சளாக நிற்க, சிட்டம்மாள் மாத்திரம் தன் பழைய சாயம்போன புடவையிலேயே வந்து நின்றாள்.

"நீ ஏன் கட்டிக்கலை?"

"அதான் சாமி, ஒங்களாண்ட ஒரு வார்த்த சொல்லணும்னு..."

"நீ சொல்லவே வேண்டாம், எனக்குத் தெரியும். மஞ்சள் வேண்டாம், அவ்வளவுதானே? வேற கலர் வருது. பொறுத்துக்கோ."

யூனியன் ஆபீஸில் இது ஒரு திறமை. மனு கொடுக்க வந்தவன் வாயைத் திறப்பதற்குள் பதிலைச் சொல்லி அனுப்பிவிடுகிறவர்தான் வேலை தெரிந்தவர். சேஷுவுக்கு அந்தத் திறமை வேண்டிய அளவு இருந்தது. பாவி மனுஷர், அன்றைக்கு ஒரு நிமிஷம் சும்மா நின்று கேட்டிருக்கலாம். ரிட்டயராகிப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த வராந்தா ஞாபகம் வந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மஞ்சளை மாற்ற வாலாஜாபாத்தில் சாயப்பட்டறை வைத்திருந்த தாண்டவராயனிடம் புடவைகள் போய்ச் சேர்ந்தன. தாண்டவராயன் ஒரு முனையை முகர்ந்து பார்த்தார்.

"மஞ்ச ஏறன துணி சாமி இது. இதும்மேல செவப்புதான் நின்னு புடிக்கும். சும்மா கோவப்பழமாட்டம் வரும்."

"கோவைப்பழமே இருக்கட்டும். சிவப்புக்கு ஒரு தோஷமும் கிடையாது. கல்யாணப் பொண்ணே கட்டிப்பா" என்றார் சேஷு.

சிவப்பு அருமையாகத்தான் வந்தது. பெண்கள் வாங்கி உடனே கட்டிக்கொண்டார்கள். பஸ் நின்றது. மீன் கொதித்தது. நடவுக்கு ஆள் கூப்பிட்டார்கள். அந்தக் கறுப்புக் கரையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

அந்த வாரம்தான் பஞ்சாயத்துத் தேர்தல் பேச்சு கிளம்பியிருந்தது. பல வருஷமாகத் தலைவர் இல்லாமல் பி.டி.ஓ. கையிலேயே இருந்த யூனியன் அது. ஊர்ச் சுவர்களெல்லாம் ஆளுக்கொரு பக்கம் சுண்ணாம்படித்துப் பிடித்துவைக்கப்பட்டிருந்தன. அந்த நேரத்தில் ஒரு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சிவப்புப் புடவை, கறுப்புக் கரையோடு நடவுக்குப் போனால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே நேரத்தில் ஆபீஸுக்குள் நுழைந்தார்கள்.

"இன்னாய்யா இது அக்கிரமம்? சர்க்கார் செலவுல உங்க கட்சிப் பொடவ குடுத்து ஓட்டு வாங்கறீங்களா?"

"யோவ், அது உங்க கொடி கலருய்யா!"

"உங்க கொடியில மட்டும் இன்னா கலரு கீது? பாத்துச் சொல்லு!"

இருவரும் மேஜையை மாறிமாறிக் குத்தினார்கள். சண்டை ஓய்ந்ததும் பி.டி.ஓ. சேஷுவை உள்ளே கூப்பிட்டார்.

"சேஷு, நமக்கு ஏன்யா இந்த வம்பு? உடனே அவங்களைப் புடவையைக் கழட்டச் சொல்லுங்க."

"பொம்மனாட்டிகள்கிட்டப் போய்ப் புடவையைக் கழட்டுங்கோன்னு நான் சொல்றதா சார்?"

பி.டி.ஓ. கொஞ்சம் யோசித்தார். "எழுத்து மூலமா சொல்லிடுங்களேன்" என்றார்.

சேஷு நேரிலேயே போனார். சேதி அவருக்கு முன்பே ஊருக்கு எட்டியிருந்தது. பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றவரிடம், ராணியம்மாள் தானே புடவையைச் சுருட்டிக் கொண்டுவந்து போட்டாள். பழைய கந்தலுக்கு எல்லோருமே மாறியிருந்தார்கள்.

"மொதல்ல சாமியாடறவளாக்கினீங்க. அப்பறம் கட்சிக்காரியாக்கினீங்க. எங்கள எப்பத்தான் சாமி பொம்பளையா வுடுவீங்க?"

சேஷுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கரையை வெட்டிவிடலாமா என்று கேட்டார். கரையில்லாத புடவையை யார் கட்டுவது என்று அதற்கும் ஒரு சத்தம் எழுந்தது. வீராசாமியோ ஆபீஸிலிருந்து ஓடிவந்து, ஐசக் நாளை மறுநாள் காமிராவோடு வருகிறார் என்று போன் வந்ததைச் சொன்னான்.

புறப்படும்போது சிட்டம்மாள் சைக்கிள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் சிவப்பையும் வாங்கியிருக்கவில்லை.

"சாமி, நான் சொல்ல வந்தது..."

"ஐயோ, உன்னையும் கட்சிக்காரின்னு சொல்லிட்டாளா?" என்று சேஷு களைப்போடு சிரித்தார். "இந்தத் தடவை பாரு. எல்லாருக்கும் ஒரு கலர்னா உனக்குத் தனியா ஒரு நல்ல புடவை. போதுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டு சேஷு பெடலை மிதித்தார்.

மறுநாள் காலையிலிருந்து சாயத் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தாண்டவராயன் சிவப்பை நீலத்தில் தோய்த்துத் தூக்கினார். சொட்டச் சொட்ட வந்தது அசல் கத்தரிப்பூக் கலர். கறுப்புக் கரை எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. சாமிக்கும் சம்பந்தமில்லை, கட்சிக்கும் சம்பந்தமில்லை. கத்தரிப்பூவைக் கொடியில் போட்டுக்கொண்ட கட்சி அதுவரை எதுவும் இல்லை.

"சார், அந்த மில்லுதான்" என்று வீராசாமி எதிரே கைகாட்டினான். "பச்சமுத்து கீறானான்னு பாத்துட்டு வந்துடலாமா?"

சேஷு எழுந்தார். தெருவில் இறங்கவும் செய்தார்.

"சாமி, அடுத்த மூட்ட போடலாமா?" என்று தாண்டவராயன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"இதோ வந்துட்டேன். அவன் எங்கடா போயிடப்போறான்? நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே சேஷு திரும்பிவிட்டார். கூப்பிடு தூரத்தில் இருந்த மில். போய்க் கேட்டிருந்தால், அப்படி ஒருத்தன் வரவேயில்லை என்று சொல்லியிருப்பார்கள்.

எல்லாம் முடிந்தபோது அவருக்குப் பைக்குள் இருந்த மாதிரிப் புடவை ஞாபகம் வந்தது. முதல் நாள் மூட்டையில் மேலாக இருந்தது. மடிப்புக் கலையாத புத்தம் புது வெள்ளை.

"இதையும் போடுங்கோ. அண்டாவும் மஞ்சளும் படாத நல்ல துணி. ஒரு பொண்ணுக்குத் தனியாத் தரேன்னு சொல்லியிருக்கேன்."

"ஒண்ணாச்சும் மாதிரிக்கு இருக்கட்டுமே சாமி?"

"கூடாது. களத்துமேட்டுல இனிமே ஒரு வெள்ளைகூட இருக்கப்படாது" என்றார் சேஷு. அவரே அதை முதலில் சிவப்பில் முக்கி, பிறகு நீலத் தொட்டிக்குள் போட்டு, கோலால் அமுக்கினார்.

ஐசக் வந்த அன்று மழை விட்டு வெயில் அடித்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெண்கள் கத்தரிக்கொல்லை பூத்த மாதிரி நின்றார்கள். ராணியம்மாள் நடுவில் நின்று, யார் எங்கே நிற்க வேண்டும் என்று ஐசக்குக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். ஐசக் படம் எடுத்து மாளவில்லை.

"பிரமாதம் சார். நம்ம கூட்டுத் திட்டத்துல இந்த மாதிரி முகத்துல சந்தோஷத்தை நான் எங்கயும் பார்க்கல. வீடு கட்டித்தரச் சொல்லி நானே எழுதிடறேன். தை பிறந்ததும் அஸ்திவாரம் போடலாம்."

சேஷு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டுவிட்டது. அலைந்த அலைச்சலெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் உடம்பைவிட்டு இறங்கியது.

"யாருக்காவது இன்னும் கிடைக்கலையா?" என்று ஐசக் கேட்டார்.

"ஒருத்தி இருக்கா. அவளுக்குத் தனியா வச்சிருக்கேன்" என்று சேஷு உற்சாகமாகத் திரும்பினார்.

சிட்டம்மாள் தூண் மறைவில் நின்றிருந்தாள். சேஷு பையிலிருந்து அந்தப் புடவையை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உதறிப் பிரித்தார். மற்றதையெல்லாம்விட அதில் சாயம் பளிச்சென்று ஏறியிருந்தது.

"வாம்மா. கடைசியா ஒரே ஒரு வெள்ளை மிச்சமிருந்தது. உனக்காக அதையும் கலராக்கிட்டேன். இதைக் கட்டிண்டு நின்னா, வாலாஜாபாத்லேருந்து வர உன் புருஷனுக்கே அடையாளம் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. ராணியம்மாள் நடுவிலிருந்து மெல்ல நகர்ந்து வந்தாள். "வாங்கிக்கடி" என்றாள், அவளுக்குப் பழக்கமில்லாத தணிந்த குரலில். "ஒண்ணும் சொல்லாத. வாங்கிக்க."

சிட்டம்மாள் கை நீளவில்லை.

சேஷு குழம்பினார். பிறகு, பெரிய மனசு பண்ணி, "சரி சொல்லு. மொதல் நாள்லேருந்து என்னமோ சொல்லணும் சொல்லணும்னியே, என்ன அது?" என்றார்.

ராணியம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"எனக்குக் கலரு வாணாம் சாமி. எங்க வூட்டுக்காரரு வாலாஜாபாத்துக்குப் போவல, ஆத்தோட போனத நானே கண்ணால பாத்தேன். சொல்லாத, வந்துடுவாருன்னு இவுங்கதான் என் வாய அடைச்சாங்க... மொத நாளு நான் கைய நீட்டனேனே, அந்த வெள்ளப் பொடவ ஒண்ணே ஒண்ணு மீதி கீதா?"